9 மீட்டர் போதும்: ஜோடிப் படங்களுக்குப் புது இடம் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

"எல்லாரும் எடுக்கிற இடம் வேண்டாம்" என்று சொல்லும் ஜோடிகளை, திருமணப் புகைப்படக்காரனான எனக்குப் பிடிக்கும். இந்த ஆய்வில் வரும் மணப்பெண் அதை இன்னும் கறாராகச் சொன்னார். "அண்ணா, எங்க அக்கா ஆல்பம், ஃப்ரெண்ட்ஸ் ஆல்பம், எல்லாத்துலயும் அதே ஏரி, அதே வளைஞ்ச மரம். முகம் மட்டும்தான் வேற. எங்களுக்கு அது வேண்டாம்."

கேட்டது சின்ன விஷயம்தான். ஆனால் நேரம் இடிக்கும். மதியம் திருமணம் முடிகிறது, இரவு வரவேற்பு. நடுவில் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதில் உடை மாற்ற, கொஞ்சம் உட்கார்ந்து மூச்சு வாங்க, மறுபடி மேடைக்குத் தயாராக என்று ஒதுக்கிவிட்டால், வெளியே போய் எடுக்க மிஞ்சுவது சுமார் 75 நிமிடம். பயணமும் அதற்குள்தான். அழகான மலையடிவாரம் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்து என்ன பயன்? மண்டபத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் புது இடம் வேண்டும் என்பதுதான் உண்மையான கேள்வி.

ஏன் எல்லாரும் அதே மரத்தடிக்குப் போகிறோம்

ஏரிக்கரைக்குப் போகும் புகைப்படக்காரர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன். அங்கே வண்டி நிறுத்த இடம் உண்டு. யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று தெரியும். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் வெளிச்சம் விழும் என்பது மனப்பாடம். திருமண நாளில் ஒரு படம்கூடத் தவறக் கூடாது என்ற பொறுப்பு இருக்கிறவர்கள் தெரிந்த இடத்தை நம்புவது இயல்பு.

அந்த இடத்தின் விலையும் இருக்கிறது, அது பின்னணியில் தெரியாது, முகத்தில்தான் தெரியும். முகூர்த்த நாட்களில் அந்த மரத்தைச் சுற்றி மூன்று நான்கு ஜோடிகள் காத்திருப்பார்கள். ஒரு ஜோடி நெருங்கி நிற்கும்போது அடுத்த ஜோடியின் உறவினர்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "சீக்கிரம் முடிங்க" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, தோள்கள் தானாக இறுகிவிடும். புது இடம் தேடுவதற்கு நான் கொடுக்கும் முதல் காரணம் இதுதான். யாரும் பார்க்காத இடத்தில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கூட்டத்துக்கு நடுவில் கேமராவைத்தான் பார்ப்பார்கள்.

இடம் என்றால் எவ்வளவு இடம்?

தேடலை எளிதாக்கியது ஒரு சின்னக் கணக்கு. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் படம் பதியும் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம். 200 மில்லிமீட்டர் லென்ஸில், படுக்கைவாட்டச் சட்டத்தில், இருவரையும் தலை முதல் கால் வரை எடுக்க ஏறத்தாழ 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அவர்களுக்குப் பின்னால் இன்னும் 30 மீட்டரில் ஒரு மரவரிசை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமராவிலிருந்து மொத்தம் 50 மீட்டர். அந்தத் தொலைவில் சட்டத்துக்குள் விழும் பின்னணியின் அகலம் வெறும் 9 மீட்டர், உயரம் 6 மீட்டர். அந்த 9 மீட்டருக்கு வெளியே குப்பைத் தொட்டி, மின்கம்பம், விளம்பரப் பலகை என்று எது இருந்தாலும் படத்துக்குள் வராது.

அதே மரவரிசையை 35 மில்லிமீட்டர் லென்ஸில், அதே 50 மீட்டரிலிருந்து எடுத்தால் 51 மீட்டர் அகலம் சுத்தமாக இருக்க வேண்டும். 85 மில்லிமீட்டரில் முழு உருவத்துக்கு எட்டரை மீட்டர் தள்ளி நின்றால் போதும், அதே 30 மீட்டர் பின்னால் இருக்கும் மரங்களில் சுமார் 16 மீட்டர் தெரியும். இதை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தவருக்கு ஊர் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். நமக்குத் தேவை விரிந்த அழகான இடம் இல்லை, நீளமான, குறுகலான ஒரு பட்டை. ஒரு முனையில் நாம், நடுவில் ஜோடி, மறு முனையில் நல்ல ஒன்பது மீட்டர். அப்படிப்பட்ட பட்டைகள் கிடங்குகளுக்கு நடுவிலும் சாலையோரத்திலும் நிறையவே கிடக்கின்றன. யாரும் அவற்றைப் பார்க்க நிற்பதில்லை, அவ்வளவுதான்.

20 மீட்டர் தள்ளி நின்று பேசுவது சிரமம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கத்திச் சொன்னால் அந்த நெருக்கம் போய்விடும். போனில் அழைத்து, மாப்பிள்ளையின் ஒரு காதில் சிறிய இயர்பட் மாட்டிவிட்டு மெதுவாகப் பேசுவதுதான் என் வழி.

வரைபடத்திலிருந்து தொடங்கினோம்

மண்டபத்தைச் சுற்றி ஒரு வட்டம், கிலோமீட்டரில் அல்லாமல் நிமிடத்தில். திருமணம் நடக்கும் அதே கிழமை, அதே நேரத்தில் போக்குவரத்து எப்படி இருக்கும் என்று பார்த்தால் வட்டம் வட்டமாக இருக்காது, ஒரு பக்கம் நீண்டு ஒரு பக்கம் சுருங்கும். பத்து நிமிடத்துக்குள் வரும் பகுதியைச் செயற்கைக்கோள் படத்தில் நிதானமாக உருட்டிப் பார்த்தேன். தேடியவை நீளமான சுவர்கள், வரிசையாக நட்ட மரங்கள், வெளிர்நிறக் கூரைகள், மேற்கே திறந்த வெளிகள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களையும் பார்க்க முடியும் என்பதால், ஒரு வெற்றிடம் எந்த மாதத்தில் பசுமையாக இருக்கிறது, எந்த மாதத்தில் காய்ந்து வெளுக்கிறது என்பது ஓரளவு பிடிபடும். சாலையோரக் காட்சியில் சுவரின் உயரமும் கம்பிகளும் தெரியும். ஆனால் அந்தப் படங்கள் எப்போதோ எடுத்தவை. நேரில் போகும்போது பாதி இடங்களில் வேலி போட்டிருக்கும், கட்டடம் எழும்பியிருக்கும். வரைபடம் பட்டியல் போடத்தான், முடிவெடுக்க இல்லை.

அப்புறம் சூரியன். இதில் பலர் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். இடம் பார்க்கப் போகும் நாளும் திருமண நாளும் சில மாதங்கள் தள்ளி இருந்தால், சூரியன் மறையும் திசையே மாறியிருக்கும். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால், நிலநடுக்கோட்டிலேயே மறைவுத் திசை ஆண்டுக்குள் 47 டிகிரி அளவுக்கு இடம் மாறுகிறது. வடக்கிலோ தெற்கிலோ போகப்போக இன்னும் அதிகம். போன மாதங்களில் சந்தின் நேர் முனையில் மறைந்த சூரியன், திருமண நாளில் பக்கத்துக் கட்டடத்துக்குப் பின்னால் போயிருக்கலாம். சூரியன் எங்கே, எப்போது மறையும் என்று காட்டும் சன்கால்க், ஃபோட்டோபில்ஸ் போன்ற கருவிகளில் திருமணத் தேதியைப் போட்டுப் பார்த்துவிட்டால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கருவி காட்டாத ஒன்றும் உண்டு: அந்த இடத்தின் தொடுவானம். 57 மீட்டர் தொலைவில் நாம் நிற்கும் தரைக்கு மேல் 10 மீட்டர் உயரக் கட்டடம் இருந்தால் அது வானத்தில் 10 டிகிரியை மறைக்கிறது. சூரியன் மிகச் செங்குத்தாக இறங்கும் பகுதியிலேயே அந்த 10 டிகிரிக்கு 40 நிமிடம் ஆகும், மற்ற இடங்களில் அதற்கும் மேல். அதாவது கருவி சொல்லும் மறைவு நேரத்துக்கு 40 நிமிடம் முன்பே நமக்கு அங்கே நேரடி வெயில் போய்விடும். 75 நிமிடத்தில் வேலை செய்கிறவருக்கு இது பெரிய இழப்பு.

'கோல்டன் ஹவர்' என்று எல்லாரும் சொல்லும், சூரியன் மறையும் முன் வரும் அந்தப் பொன்னிற வெளிச்சத்துக்கு உண்மையில் ஒரு மணி நேர ஆயுள் எல்லா இடத்திலும் கிடையாது. சூரியன் 6 டிகிரி உயரத்திலிருந்து தொடுவானத்துக்கு இறங்குவதைக் கணக்கில் எடுத்தால், நிலநடுக்கோட்டுப் பகுதியில் அது சுமார் 24 நிமிடம்தான். 50 டிகிரி அகலாங்கில் குறைந்தது 37 நிமிடம் கிடைக்கும். உங்கள் ஊரில் எவ்வளவு என்று தெரிந்துகொண்டுதான் ஒரு மாலைக்கு இரண்டு இடமா மூன்று இடமா என்று முடிவு செய்ய வேண்டும்.

நடந்து பார்த்த இடங்கள்

பட்டியலில் இருந்தவற்றைப் படம் எடுக்கப்போகும் அதே மாலை நேரத்தில் போய்ப் பார்த்தேன். கேமரா எடுத்துப் போகவில்லை, போன் போதும். உதவியாளரை நிற்கவைத்து மெதுவாக ஒரு சுற்று திரும்பச் சொல்வேன். எந்தத் திசையில் கண்ணுக்குள் ஒரு பெரிய வெளிச்சப் புள்ளி விழுகிறது, எந்தத் திசையில் கண்குழி கறுக்கிறது என்று பார்ப்பேன். ஆள் இல்லையென்றால் என் கையையே முகத்துக்கு முன் நீட்டிச் சுற்றினாலும் தெரிந்துவிடும். இந்தச் சோதனையில் தோற்ற இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பட்டியலிலிருந்து போய்விடும்.

முதலில் ஒரு செடி நர்சரி. முன்பகுதியில் பச்சை வலைக்குக் கீழே பூச்செடிகள் வரிசையாக இருந்தன, பார்வைக்கு அதுதான் அழகு. ஆனால் பச்சை வலை வழியாக வரும் வெளிச்சம் தோலில் பச்சையைப் பூசிவிடும். எடிட்டிங்கில் முகத்தைச் சரிசெய்தால் செடிகள் நிறம் கெடும், செடிகளை விட்டால் முகம் கெடும். அதைக் கடந்து உள்ளே போனால் பாலித்தீன் போர்த்திய நாற்றுக்கூடம் இருந்தது. பால்வெள்ளையான அந்த உறை வெயிலைப் பரப்பி மென்மையாக்கிக் கொடுத்தது. பெரிய ஸ்டூடியோவில் மெல்லிய திரை கட்டிச் செய்வதை அந்தக் கூரை சும்மாவே செய்துகொண்டிருந்தது. நீளமும் 30 மீட்டருக்குக் குறையாது. இரு பக்கமும் நாற்றுத் தட்டுகள், நடுவில் ஒருவர் நடக்கும் பாதை.

அடுத்தது சுற்றுச்சாலையை ஒட்டிய காய்ந்த புல்வெளி. வெயில் எதிரே இருக்கும்போது ஒவ்வொரு புல்நுனியும் ஒளிரும், முடியைச் சுற்றி ஒரு பொன்கோடு விழும். ஜோடிக்கு முன்னால் போனைக் காட்டியபோது இருவருக்கும் உடனே பிடித்தது இதுதான். எனக்கு இரண்டு கவலைகள். ஒன்று, சூரியன் இல்லாவிட்டால் இது வெறும் காய்ந்த புல். இரண்டு, நீளமான உடையில் முள் ஒட்டும், காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நடக்கவேண்டிய பாதையை முந்தைய நாளே மிதித்துத் தடம் போட்டு வைப்பது என்று முடிவானது.

மாப்பிள்ளை தன் பங்குக்கு ஒரு பழைய ரயில் பாதையைச் சொன்னார். அங்கே ரயிலே வருவதில்லை என்றார். இதற்கு நான் எப்போதும் மறுப்பு சொல்லிவிடுவேன். பாழாய்க் கிடப்பதுபோல் தெரியும் பாதை உண்மையில் கைவிடப்பட்டதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. வேகமாக வரும் சரக்கு ரயில் நிற்க ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தேவைப்படும். பெரும்பாலான நாடுகளில் பாதைமேல் ஏறுவது குற்றமும்கூட. ஆனால் அவருக்கு அதில் எது பிடித்தது என்று கேட்டேன். "ரெண்டு கோடு தூரத்துல போய்ச் சேர்ற மாதிரி இருக்கும்ல, அது." அந்தப் பதில்தான் இந்தத் தேடலுக்குக் கிடைத்த நல்ல துப்பு. அவருக்கு வேண்டியது தண்டவாளம் இல்லை, ஒரு புள்ளியை நோக்கி ஓடும் இரண்டு கோடுகள்.

அந்தக் கோடுகளைத் தேடிப் போனபோது இரண்டு சரக்குக் கிடங்குகளுக்கு நடுவே ஒரு சந்து கிடைத்தது. ஒரு பக்கம் துரு ஏறிய தகரச் சுவர், மறு பக்கம் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். மேலே ஒரு பக்கத்தில் கூரை ஒன்றரை மீட்டர் நீண்டிருந்தது. சந்தின் முடிவில் இரண்டு பெரிய மரங்கள், அவைதான் நம் ஒன்பது மீட்டர். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி முகத்துக்கு அனுப்பும். நீண்ட கூரை தலைக்கு மேலிருந்து வரும் வெளிச்சத்தைத் தடுக்கும், அதனால் வெளிச்சம் பக்கவாட்டில்தான் வரும், கண்குழி கறுக்காது. வெயில், மேகம் எதுவானாலும் வேலை செய்யும் இடம். போனில் எடுத்த படத்தில் அது ஒன்றுமே இல்லாத சந்தாகத்தான் தெரிந்தது, ஜோடிக்கு அதைப் புரியவைக்கக் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது.

கடைசியாக ஒரு பல அடுக்கு வாகன நிறுத்துமிடத்தின் மொட்டைத்தளம். எட்டுத் திசையும் வானம், மறைக்க எதுவும் இல்லை. மாலையில் மேல்தளத்துக்கு வண்டிகள் வருவது குறைவு.

அனுமதி

நர்சரிக்காரரிடம் கேட்டபோது அவருடைய முதல் கேள்வி எத்தனை பேர் வருவீர்கள் என்பது. நாற்றுத் தட்டுகளை யாராவது இடித்துவிடுவார்களோ என்பதுதான் அவர் பயம். ஜோடி, நான், உதவியாளர், மணப்பெண்ணின் தோழி, இதற்குமேல் ஒருவரும் இல்லை என்று சொன்னதும் சம்மதித்தார். செடிகளோடு சில படங்கள் எடுத்து அவருக்குக் கொடுப்பதாகச் சொன்னேன், அதற்கு அவர் காட்டிய மகிழ்ச்சி எதிர்பாராதது. வாகன நிறுத்துமிடத்தில் எழுத்தில் கேட்டார்கள்: தேதி, நேரம், ஆட்கள், கருவிகள். சரிவுப்பாதையை மறிக்கக் கூடாது, விளக்குத் தாங்கிகள் நிறுத்தக் கூடாது என்ற இரண்டு நிபந்தனையோடு கையெழுத்துக் கிடைத்தது. கிடங்குச் சந்துக்கு உரிமையாளரின் அனுமதி மட்டும் போதாது என்று காவலாளியிடமும் தனியாகப் போய்ச் சொல்லி வைத்தேன். அன்று மாலை பணியில் இருப்பவருக்கு விஷயம் தெரியாவிட்டால், உரிமையாளருக்கு போன் போட்டுப் பேசி முடிப்பதற்குள் வெளிச்சம் போய்விடும்.

அந்த நாள்

மதியத்துக்குமேல் மேகம் மூடிக்கொண்டது. புல்வெளியை அப்போதே கைவிட்டோம், மணப்பெண்ணுக்கு அதில் வருத்தம்தான்.

நாற்றுக்கூடத்துக்குள் வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தட்டையாக இருந்தது. மென்மையான வெளிச்சத்துக்கு இந்த ஒரு குறை உண்டு, திசை இல்லாவிட்டால் முகத்துக்கு வடிவம் வராது. அதனால் திறந்திருந்த வாசலுக்கு இரண்டு மீட்டர் உள்ளே அவர்களை நிறுத்தினேன். வாசல் பக்கக் கன்னம் சற்று அதிகம் ஒளிர, மறு கன்னம் மெதுவாகத் தேய்ந்தது. லென்ஸ் 85, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு, எண் குறைந்தால் திறப்பு பெரிது) எஃப்/2.8. மூன்று மீட்டர் தொலைவில் இந்த அமைப்பில் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 20 சென்டிமீட்டர்தான். எஃப்/2க்குத் திறந்தால் 15க்கு இறங்கிவிடும். ஒருவர் தோளுக்குப் பின்னால் மற்றவர் முகம் இருந்தால் ஒன்று மங்கிவிடும். ஜோடிப் படத்தில் இதை மறந்து லென்ஸை முழுதும் திறந்து வைப்பது எனக்கு உடன்பாடில்லை. பின்னணி கரைவதைவிட இரண்டு பேர் கண்ணும் தெரிவது முக்கியம்.

கிடங்குச் சந்தில் 200 மில்லிமீட்டர். அவர்கள் மரங்களுக்கு முன்னால் தொடங்கி என்னை நோக்கி நடந்தார்கள், நான் சந்தின் இந்த முனையில். சுற்றி யாரும் இல்லை. பாதி வழியில் மாப்பிள்ளை ஏதோ சொல்ல, மணப்பெண் நின்று குனிந்து சிரித்தார். நான் எதுவும் சொல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஏரிக்கரையில், காத்திருக்கும் கூட்டத்தின் முன்னால், இவர் இப்படிச் சிரித்திருக்க மாட்டார். அந்தப் படத்தைத்தான் பிறகு ஆல்பத்தின் அட்டைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். துருவேறிய தகரத்தின் செம்பழுப்பு பின்னால் கரைந்து ஒரு சாயத் துணிபோல் நின்றது.

மொட்டைத்தளத்துக்கு ஏறும்போது சூரியன் மறைந்திருந்தது. மேகம் இருந்தாலும் அந்தி நீலம் வரும். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 டிகிரி இறங்கும்வரை உள்ள நேரத்தில் வானமும் கீழே எரியும் விளக்குகளும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்துக்கு வரும் சில நிமிடங்கள் உண்டு. விளக்குத் தாங்கி கூடாது என்றிருந்ததால், தளத்தில் ஏற்கெனவே எரிந்த ஒரு வெதுவெதுப்பான விளக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையை 4000 கெல்வினில் வைத்ததில் முகம் இளமஞ்சளாகவும் வானம் ஆழ்ந்த நீலமாகவும் பிரிந்து நின்றன. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 1600, எஃப்/1.8, 1/125 வினாடி. இங்கே லென்ஸை முழுதும் திறந்தேன், ஏனென்றால் இருவரும் நெற்றியோடு நெற்றி ஒட்டிப் பக்கவாட்டில் நின்றார்கள், இரண்டு முகமும் ஒரே தளத்தில் இருந்தன.

வரவேற்புக்கு நேரத்துக்கு வந்து சேர்ந்தோம்.

பிறகு

படங்களைப் பார்த்த உறவினர்கள் கேட்டது ஒரே கேள்வி: இது எங்கே? சக புகைப்படக்காரர்களும் கேட்டார்கள். இதில் என் நிலைப்பாடு உறுதியானது. நேரில் கேட்பவருக்குச் சொல்வேன், அனுமதி யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்து. படத்தோடு இருப்பிடக் குறியை வெளியிட மாட்டேன். 2018இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஹோல் சுற்றுலா வாரியம், குறிப்பிட்ட இடத்தைத் துல்லியமாகக் குறிக்க வேண்டாம் என்று பயணிகளைக் கேட்டுக்கொண்டது. 2019 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் வாக்கர் கேன்யனில் பாப்பிப் பூக்கள் மலையை மூடியபோது, படம் எடுக்கத் திரண்ட கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் லேக் எல்சினோர் நகரம் வழியை மூட வேண்டியதாயிற்று. நம் நர்சரிக்காரருக்கு அவ்வளவு கூட்டம் தேவையில்லை, வாரத்துக்கு ஐந்து ஜோடி வந்தாலே அவர் கதவைச் சாத்திவிடுவார். அவர் சாத்தினால் தவறு அவர் மேல் இல்லை.

இந்த இடங்கள் ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். எந்தத் திசை திறந்திருக்கிறது, எந்த மாதத்தில் எத்தனை மணி வெளிச்சம் சரி, மறைக்கும் கட்டடம் எது, மழைக்குப் பின் தரை எப்படி, வண்டியிலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும், உடை மாற்ற எங்கே, யாரிடம் பேச வேண்டும். படத்தைவிட இந்தக் குறிப்புதான் அடுத்த ஜோடிக்கு உதவும். அதே சந்தில் காலை வெளிச்சம் தகரச் சுவர்ப் பக்கம் விழும் என்பதும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் போனால் அது வேறு இடம். அந்த ஜோடியின் படத்தைத் திரும்ப எடுத்ததாக ஆகாது.

குறிப்பேடு பழசாகவும் செய்யும். புல்வெளியில் இப்போது அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள். பருவம் மாறும்போது எல்லாவற்றையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவது அதனால்தான்.

மழைக்கு மட்டும் நிறைவான இடம் இன்னும் அமையவில்லை. கிடங்கின் நீண்ட கூரை இரண்டு பேரை நனையாமல் வைக்கும், ஆனால் நீளப்பாட்டில் எடுக்க முடியாது, நான் வெளியே நிற்க வேண்டும். தேடுவது இதுதான்: குறைந்தது ஆறு மீட்டர் ஆழமுள்ள கூரை, இரண்டு பக்கம் திறப்பு, மழைக்கோடு தெரிவதற்குப் பின்னால் இருண்ட மரங்களோ சுவரோ. பழைய சந்தைக் கொட்டகை ஒன்று வரைபடத்தில் கண்ணில் பட்டிருக்கிறது. அடுத்த மழையன்று மாலை அங்கே போகப் போகிறேன்.